கத்தத் தெரியாத கேப்டன்

கேள்வி:

ஐயா, எனக்கு 23 வயது. ஊர் மன்னார்குடிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பத்து வயதிலிருந்து கபடி ஆடுகிறேன், ரெய்டர், எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன். போன தை மாதம் எங்கள் ஊர் டீமுக்கு என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். அதன் பிறகு ஆடிய நான்கு மின்னொளிப் போட்டிகளிலும் அரையிறுதியில் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது நான்கு பாயிண்ட் முன்னால் இருந்தோம். நேரத்தைக் கடத்தினால் போதும் என்று நினைத்தேன். பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டிய மூன்றாவது ரெய்டில் இரண்டு தடவை மாட்டினேன். ஆட்டம் போய்விட்டது.

நான் அதிகம் பேசமாட்டேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கிளப் செயலாளர், "கேப்டன்னா கத்தணும்டா, நீ ஊமை மாதிரி நின்னா எவன் ஆடுவான்" என்கிறார். இரண்டு ஆட்டங்களில் கத்திப் பார்த்தேன். பையன்கள் சிரித்தார்கள். எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது. எனக்கு முன்னால் கேப்டனாக இருந்தவர் என் பெரியப்பா மகன். லெஃப்ட் கார்னர், இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவர். எனக்குக் கபடி சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். இப்போது அவர் அவசரப்பட்டு முதலிலேயே எதிரணி ரெய்டரின் காலைப் பிடிக்கப் பாய்ந்துவிடுகிறார். அதனால் பாயிண்ட் போகிறது. அவரிடம் நான் எப்படிச் சொல்வது?

நண்பன் ஒருவன் தினமும் தன்னம்பிக்கை வீடியோ அனுப்புகிறான். மனநிலைதான் வெற்றி என்கிறார்கள். அடுத்த வீடியோவில் நீ நீயாக இரு என்கிறார்கள். நான் மாற வேண்டுமா, இப்படியே இருக்கலாமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்குப் போக ஆசை. வயதும் போகிறது. தோற்றதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

(பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை, கத்துவதா வேண்டாமா என்பதுதான் உங்கள் கவலை என்று நினைத்தேன். மூன்றாவது முறைதான் இது அண்ணனைப் பற்றிய கடிதம் என்று பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கடைசி ஐந்து நிமிடம்.

ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. ஐந்து நிமிடத்தில், இரண்டு பக்கமும் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால் மொத்தம் பத்து ரெய்டு, உங்களுக்கு ஐந்து. பின்தங்கிய டீம் முழு நேரம் எடுக்காது, ஓடி வந்து ஓடிப் போகும். அதனால் உங்கள் பங்குக்கு ஆறேழு ரெய்டு வந்திருக்கும். இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது டூ ஆர் டை. பாயிண்ட் எடுக்காமல் திரும்பினால் அவுட். நீங்கள் நேரத்தைக் கடத்துவதாக நினைத்துக்கொண்டு, எதிரணிக்கு இரண்டு டூ ஆர் டையைத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். சாதாரண ரெய்டில் நீங்கள் தொடுவீர்களா, போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு பாயிண்ட் எடுக்கப் போவீர்களா, பாக் லைனை (ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) மட்டும் தாண்டிவிட்டுத் திரும்பிவிடுவீர்களா என்று கார்னருக்குத் தெரியாது. அந்தக் குழப்பம்தான் ரெய்டருக்கு இருக்கும் பாதி பலம். மூன்றாவது ரெய்டில் அந்தக் குழப்பம் இல்லை. இவன் வந்தே ஆக வேண்டும் என்று எதிரில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள் காத்திருந்தால் போதும்.

மாட்டினால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட், அவர்கள் ஆள் ஒருவர் உள்ளே வருகிறார், உங்கள் முதல் ரெய்டர் வெளியே போய் உட்காருகிறார். நான்கு பாயிண்ட் முன்னிலை அப்படித்தான் கரையும். இதற்கு மன உறுதி இல்லை, நெஞ்சில் தைரியம் இல்லை என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். ஆட்டம் முழுக்கப் பாயிண்ட் எடுக்க ஆடியவர், கடைசி ஐந்து நிமிடத்தில் தோற்காமல் இருக்க ஆட ஆரம்பித்தீர்கள். நேரம் கடத்துவது தப்பே இல்லை, எல்லா டீமும் செய்வதுதான். ஆனால் அது கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியது. இரண்டாவது ரெய்டிலேயே, எதிரில் ஆறு பேர் நிற்கும்போது, ஒரு போனஸை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அந்த எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கும். அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பயத்தில் அந்தக் கணக்கு மறந்துபோனது, அவ்வளவுதான்.

இதற்கு வீடியோ பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. பயிற்சியில் அந்த ஐந்து நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், முழு ஆட்டம் வேண்டாம். ஸ்கோர் போர்டில் உங்களுக்கு நான்கு பாயிண்ட் முன்னிலை என்று எழுதுங்கள். கடிகாரத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். எதிரே நிற்கும் பையன்களுக்கு ஜெயித்தால் பரோட்டா என்று சொல்லுங்கள். அங்கிருந்து ஆடுங்கள். முதல் சில நாள் தோற்பீர்கள், தோற்கட்டும். பிறகு எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கும்போது எந்த ரெய்டை எப்படிப் போடுவது என்று கால் பழகிக்கொள்ளும். ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றைக்கும் எங்கள் தொழிலில் அடிப்படை. ஒருவருக்குத் தன்மேல் நம்பிக்கை நான்கு வழிகளில் வரலாம் என்கிறார் அவர். பிறர் ஊக்கப்படுத்திப் பேசுவது அதில் ஒன்று, ஆனால் பலவீனமானது. தானே செய்து முடித்த அனுபவம்தான் நான்கிலும் பலமானது. உங்கள் நண்பன் அனுப்புவது முதல் வகை. பரோட்டா போட்டி இரண்டாவது வகை.

மனநிலைதான் எல்லாம் என்கிற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறமை பிறவியிலேயே வந்து நின்றுவிடுவதில்லை, உழைப்பால் வளரும் என்று நம்புகிறவர்கள் தோல்வியிலிருந்து சீக்கிரம் எழுகிறார்கள் என்பது கரோல் ட்வெக் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஆய்வு. நல்ல ஆய்வுதான். மேடைக்கு மேடை ஊதிப் பெருக்கியதில் அது மந்திரம் போல ஆகிவிட்டது. 2019இல் இதே விஷயத்தை அமெரிக்காவில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து வெளியிட்டார்கள். மூளை வளரும், முயன்றால் முடியும் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம், கம்ப்யூட்டரில். பலன் இருந்தது. பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி நான்கு புள்ளி அளவில் 0.1 உயர்ந்தது. ஒரு மணி நேரப் பாடத்துக்கு அது மோசமில்லை, ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் அளவும் இல்லை. எனக்குப் பிடித்தது அதில் இன்னொரு முடிவு. கூடப் படிக்கும் பிள்ளைகளும் கஷ்டமான கணக்கை எடுத்துப் பார்க்கத் தயங்காத பள்ளிகளில்தான் அந்தப் பலன் நன்றாக நின்றது. சுற்றியிருப்பவர்கள் அப்படி இல்லாத இடத்தில் தேய்ந்துவிட்டது.

ஆக, மனநிலை என்பதை நீங்கள் தனியாக வீட்டில் உட்கார்ந்து தயாரித்து, டிபன் பாக்ஸில் போட்டு மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. கூட நிற்கும் ஆறு பேரிடம் இல்லாதது உங்களிடம் மட்டும் அதிக நேரம் நிற்காது.

இப்போது கத்துவதற்கு வருவோம்.

2016 கபடி உலகக் கோப்பை அகமதாபாத்தில் நடந்தபோது உங்களுக்குப் பள்ளிக்கூட வயது, டிவியில் பார்த்திருப்பீர்கள். சொந்த மண்ணில், முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென் கொரியாவிடம் 32-34 என்று தோற்றது. இறுதிப் போட்டியில் ஈரானிடம் இடைவேளையின்போது 13-18 என்று பின்தங்கி நின்றது. கேப்டன் அனூப் குமார், ஹரியானாக்காரர். அவர் ஆடிய ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். முகத்தைப் பார்த்து ஸ்கோரைச் சொல்ல முடியாது. முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் அதே முகம். இரண்டாவது பாதியில் அஜய் தாக்கூர் அடித்த அடியில் ஆட்டம் திரும்பியது. அந்த இறுதியில் மட்டும் அஜய் எடுத்தது 12 ரெய்டு பாயிண்ட். 38-29 என்று இந்தியா ஜெயித்தது. தானும் ரெய்டராக இருந்துகொண்டு, அன்றைக்கு யார் கை ஓடுகிறதோ அவரை முன்னால் விடுவது ஒரு கேப்டனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குத் தொண்டை தேவைப்படவில்லை.

இந்தப் பக்கம் ஃபசல் அத்ராச்சலி. ஈரான்காரர், உங்கள் அண்ணன் ஆடும் அதே லெஃப்ட் கார்னர். ஒரு ரெய்டரைப் பிடித்துவிட்டால் அவர் போடும் முழக்கம் கடைசி வரிசைக்குக் கேட்கும். அவரும் பெரிய கேப்டன்தான். வேடிக்கை என்னவென்றால், 2015இல் யு மும்பா அணி புரோ கபடி கோப்பையை வென்றபோது அனூப்பின் தலைமையில் ஆடியவர்களில் ஃபசலும் ஒருவர். சில வருடம் கழித்துத் தான் கேப்டன் ஆனபோது அவர் அனூப்பைப் போல மௌனமாக நிற்கவில்லை. அவருக்கு வருவது அது. அனூப்புக்கு வருவது இது.

ஆகவே உங்கள் செயலாளர் சொல்வது பாதி தப்பு. பையன்கள் சிரித்ததற்காக வெட்கப்பட வேண்டாம். அவர்கள் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல, நீங்கள் போட்டுக்கொண்டு வந்த வேஷத்தைப் பார்த்து. பத்து வருடமாக உங்களோடு குளத்தில் குளித்தவர்களுக்கு எது உங்கள் குரல், எது இரவல் குரல் என்று தெரியாதா?

மீதிப் பாதி சரி என்பதையும் சொல்ல வேண்டும். "ஊமை மாதிரி" என்றாரே, அதை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். சத்தம் வேறு, பேச்சு வேறு. சத்தம் இல்லாமல் கபடி ஆடலாம், பேச்சு இல்லாமல் ஆட முடியாது.

மாக்ஸ் ரிங்கெல்மன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். விவசாயப் பொறியாளர். ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கயிறு இழுக்க விட்டு, எவ்வளவு இழுக்கிறார்கள் என்று அளந்தார். 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் கொடுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒருவர் பங்கு, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. பொங்கலுக்கு உங்கள் ஊரில் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருந்தால் காரணம் புரியும். ஒருவன் இழுக்கும்போது இன்னொருவன் கால் ஊன்றிக்கொண்டிருப்பான். அவன் இழுக்கும்போது முதல் ஆள் மூச்சு வாங்குவான். சிலர் கையை மட்டும் கயிற்றில் வைத்திருப்பார்கள். அதனால்தான் ஓரத்தில் ஒரு பெரியவர் "ஏலேலோ" போடுகிறார். அவர் கயிற்றைத் தொடுவதே இல்லை. (பின்னால் 1979இல் அமெரிக்காவில் சிலரைக் கூட்டமாகக் கத்தவே சொல்லி அளந்தார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனியாகக் கத்துவதைவிடக் குறைவாகத்தான் கத்தினார்கள். உங்கள் செயலாளரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

உங்கள் டிஃபென்ஸில் அந்த ஏலேலோ இல்லை. லெஃப்ட் கார்னர் ஆங்கிளுக்கு, அதாவது கணுக்கால் பிடிக்குப் போகும் நேரமும், கவர் (கார்னருக்கு உள்பக்கம் நிற்பவர்) வந்து அணைக்கும் நேரமும் ஒன்றாக இருந்தால்தான் பிடி. ரெய்டரின் எடை அந்தக் காலில் இறங்கும் முன்பே கார்னர் தனியாகப் போய் விழுந்தால் என்ன ஆகும்? ரெய்டர் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போவார். அண்ணன் மாட்டிக்கொண்டாரே என்று பதறி இரண்டு பேர் பின்னாலேயே பாய்வார்கள். ரெய்டர் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டால் மூன்று பேரும் அவுட். ஒரு பாயிண்டில் போக வேண்டியது மூன்றாகிறது. நீங்கள் "அதனால் பாயிண்ட் போகிறது" என்று ஒரே வரியில் எழுதியது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இதில் தப்பு யாருடையது? அண்ணன் அவசரப்படுகிறார் என்கிறீர்கள். நான் கேட்பது, கவர் எப்போது வருவான் என்று அண்ணனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? அனுபவமுள்ள கார்னர் காரணமில்லாமல் முதலில் பாய மாட்டார். பக்கத்தில் இருப்பவன் வருவான் என்ற நம்பிக்கை இல்லாதவர்தான் தானே முடித்துவிடப் பார்ப்பார். கேப்டன் பதவி போன பிறகு, நான் இன்னும் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணமும் கொஞ்சம் இருக்கலாம். வயது ஏறும் ஆட்டக்காரர்களிடம் அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேகம் குறையும்போது முந்திக்கொள்ளப் பார்ப்பார்கள்.

இதற்கு ஒற்றைச் சொல் போதும். "இப்ப" என்றோ "போடு" என்றோ நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் டீமில் வாய் ஓயாத பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான், எல்லா டீமிலும் இருப்பான். அவன் கவரில் ஆடினால் இன்னும் நல்லது. குரல் கொடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். இன்றுவரை திட்டு வாங்கிய வாய்க்கு ஒரு பதவி கிடைத்தால் அவன் எப்படி ஆடுகிறான் என்று பாருங்கள். உங்கள் சுபாவத்துக்கு ஏற்ற இடம் டைம் அவுட். இரண்டே வாக்கியம், மெதுவாக. அமைதியான ஆள் பேசும்போது தலையைக் குனிந்து கேட்பார்கள். அந்தச் சலுகை கத்துகிறவர்களுக்குக் கிடைக்காது.

இனி அண்ணன்.

நீங்கள் நீங்களாக இருக்கலாமா என்று கேட்டீர்கள். இருக்கலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கத்தாமல் இருப்பது உங்கள் சுபாவம். அண்ணனிடம் சொல்லாமல் இருப்பது சுபாவமில்லை, பயம். இரண்டையும் ஒரே துணியில் முடிந்து "நான் அதிகம் பேசமாட்டேன்" என்று எழுதிவிட்டீர்கள். ஆலையில் மூட்டைக் கணக்கு இடித்தால் முதலாளியிடம் போய்ச் சொல்லாமலா இருக்கிறீர்கள்? அங்கே வாய் வருகிறதே. பேசத் தெரியாதவர் அல்ல நீங்கள். இந்த ஒரு ஆளிடம், இந்த ஒரு விஷயத்தை, பேச விரும்பாதவர். உண்மையாக இருப்பது என்பதை நமக்குச் சௌகரியமான இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

கல்லூரியில் நான் ரைட் கவர். எங்கள் ரைட் கார்னர் என்னைவிட மூன்று வருடம் மூத்தவர், ஹாஸ்டலில் எனக்குச் சோறு வாங்கிக் கொடுத்தவர். அவர் எப்போது பாய்வார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கவும் இல்லை. மண்டலப் போட்டியில் அப்படி ஒரு பிடியில் மூன்று பேர் அவுட் ஆகித் தோற்றோம். இருபது வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னேன். அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "சொல்லியிருந்தா உன்னை அடிச்சிருப்பேன்டா" என்று சிரித்தார். அது உண்மையும்கூட. அடித்திருப்பார். அப்புறம் இரண்டு நாள் கழித்து வந்து, சரி எப்படிப் போடலாம் சொல்லு என்று கேட்டிருப்பார். அந்த இரண்டு நாளுக்குப் பயந்துதான் நான் ஒரு வருடம் வாயை மூடியிருந்தேன்.

எனவே உங்கள் அண்ணன் கோபப்படவே மாட்டார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. கோபம் குறைகிற மாதிரி பேசலாம். மைதானத்தில் வேண்டாம், பையன்கள் முன்னால் வேண்டாம், தோற்ற இரவில் வேண்டவே வேண்டாம். அவர் வயலில் இருக்கும்போதோ, சாயங்காலம் டீக்கடைக்கு நடக்கும்போதோ, பக்கத்தில் நடந்துகொண்டே பேசுங்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். முதலில் உங்கள் தப்பைச் சொல்லுங்கள்: "அண்ணே, அன்னைக்கு மூணாவது ரெய்டுல ரெண்டு தடவ மாட்டுனது என் தப்பு. டைம் ஓட்டலாம்னு பயந்துட்டேன். அந்த நேரத்துல நான் எப்படிப் போகணும், சொல்லுங்க." அவர் சொல்வார். சொல்லிக் கொடுத்தவர்தானே. கேளுங்கள், நிஜமாகவே கேளுங்கள், அவர் சொல்வதில் விஷயம் இருக்கும். அதன் பிறகு: "இன்னொண்ணு அண்ணே. நீங்க எப்ப ஆங்கிளுக்குப் போறீங்கன்னு கவர்ல இருக்கிறவனுக்குத் தெரிய மாட்டேங்குது. அவன் லேட்டா வர்றான். ஒரு சொல்லு வச்சுக்கலாமா? நீங்களே சொல்லுங்க, என்ன வைக்கலாம்." அந்தச் சொல்லை அவர் தேர்ந்தெடுக்கட்டும். இது தந்திரம் என்று நினைக்காதீர்கள். கவர் தாமதமாக வருவது உண்மை, அண்ணன் முந்துவதும் உண்மை. முதலாவதிலிருந்து தொடங்கினால் இரண்டாவது தானாகப் பேச்சில் வரும். வராவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டும்: "கொஞ்சம் முந்திடுறீங்க அண்ணே." ஐந்து நொடிதான். அந்த ஐந்து நொடியை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

பேசிய பிறகும் அவர் மாறவில்லை என்றால்? நாலைந்து வாரம் பாருங்கள். பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில் அவரை உட்கார வைக்க வேண்டி வரலாம். அது வீட்டில் பெரியப்பா, பெரியம்மா வரை போகும். தெரிந்துதான் எழுதுகிறேன். அதைச் செய்ய முடியாது என்று உங்களுக்கு இப்போதே தோன்றினால் கேப்டன் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல ரெய்டராக இருக்கலாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. வேஷம் போட்டுக்கொண்டு கேப்டனாக இருப்பதைவிட அது நேர்மையானது.

ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடம் மண்ணிலேயே உட்காருங்கள். இன்றைக்குத் தான் செய்த ஒரு தப்பை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், பிறருடையதை அல்ல. முதலில் கேப்டன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில், நன்றாக வேலை செய்யும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தப்பு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனார். கணக்கில் அங்கேதான் தப்பு அதிகமாக இருந்தது! அந்தக் குழுக்களில் பயமில்லாமல் சொன்னார்கள், அதனால் கணக்கில் ஏறியது என்று பிறகு புரிந்தது. மற்ற இடங்களில் தப்பு நடந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் டீமில் எது என்று உங்களுக்கே தெரியும்.

வேலை விஷயம். இதைச் சற்றுக் கறாராகச் சொல்கிறேன். ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது வரம்பு பொதுவாக 18 முதல் 25. உங்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் மின்னொளிப் போட்டியில் எத்தனை கோப்பை வாங்கினாலும் அந்த விண்ணப்பத்தில் அது ஏறாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் வழியாக மாநில அணிக்கு ஆடியது, தேசியப் போட்டியில் ஆடியது, இப்படிப்பட்ட சான்றிதழ்களைத்தான் கேட்பார்கள். எந்த நிலை வரை செல்லும் என்பது அறிவிப்பில் தெளிவாக இருக்கும், ஒரு பழைய அறிவிப்பை எடுத்து வரி விடாமல் படியுங்கள். மாவட்டக் கபடிக் கழகத்தின் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். அரையிறுதியில் நீங்கள் மாட்டியபோது தோளில் ரயில்வே வேலையையும் சுமந்துகொண்டு ரெய்டுக்குப் போயிருக்கிறீர்கள். அந்தச் சுமை அந்த மைதானத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

தூக்கம். தோற்று ஒரு வாரம் தூக்கம் வராவிட்டால் அது ஆட்டக்காரன் உடம்பு. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், வேலையில் மனம் நிற்காவிட்டால், தள்ளிப்போடாமல் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். டெலி மானஸ், அரசின் இலவச சேவை, தமிழிலேயே பேசலாம்.

நண்பனின் வீடியோக்களை மியூட் செய்துவிடுங்கள். நண்பனை வேண்டாம், அவன் நல்ல பையன்தான் போலிருக்கிறது. அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து மைதானத்து ஓரத்தில் உட்கார வையுங்கள். உங்கள் டூ ஆர் டை ரெய்டுகள் எத்தனை, அதில் எத்தனை பாயிண்ட். எதிரணி ரெய்டில் கார்னரும் கவரும் சேர்ந்து போனது எத்தனை, தனியாகப் போனது எத்தனை. நான்கு ஆட்டத்துக்கு இதை மட்டும் எழுதட்டும். அண்ணனோடு பேசிய பிறகு அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று எழுத வேண்டாம், நோட்டைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.